வெப்பவிரும்பி பாக்டீரியாக்கள் மூலம் எத்தனால்: ஒரு நூற்றாண்டு வரலாறு

வைக்கோல், சோளத்தட்டை, மரத்தூள், புல் போன்ற உணவாகப் பயன்படாத தாவரப் பொருள்களை, உயர் வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு நொதிக்கச் செய்து எத்தனால் பெறும் முறை, வெப்பவிரும்பி பாக்டீரியா வழி எத்தனால் உற்பத்தி எனப்படுகிறது. இம்முறைக்கு அடிப்படையான பாக்டீரியா 1926ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இதன் மீது உலகின் கவனம் திரும்பியது. 2008ஆம் ஆண்டில் மரபணு மாற்றத்தின் மூலம் பெரிய முன்னேற்றம் கிடைத்தது. ஆயினும் பெட்ரோல் நிலையங்களை எட்டும் அளவுக்கு இம்முறை இன்றுவரை வளரவில்லை. ஆய்வகத்தில் வெற்றி பெற்ற ஒரு முறை ஆலையில் வேரூன்ற ஏன் இத்தனை காலம் எடுக்கிறது என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

உணவா, எரிபொருளா?

இன்று உலகில் எரிபொருளுக்காகத் தயாரிக்கப்படும் எத்தனாலின் பெரும்பகுதி இரண்டு பயிர்களிலிருந்து வருகிறது. பிரேசில் நாடு கரும்பைப் பயன்படுத்துகிறது. அமெரிக்கா மக்காச்சோளத்தைப் பயன்படுத்துகிறது. கரும்புச் சாற்றில் சர்க்கரை நேரடியாகவே உள்ளது. மக்காச்சோளத்தில் உள்ள மாவுச்சத்தை எளிதில் சர்க்கரையாக்கலாம். பின்னர் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை எத்தனாலாக மாற்றிவிடும். கள்ளும் பீரும் உருவாகும் அதே வேதிவினைதான் இது.

ஆனால் கரும்பும் மக்காச்சோளமும் உணவுப் பயிர்கள். 2007ஆம் ஆண்டு சனவரியில் மெக்சிகோவில் சோள ரொட்டியின் விலை உயர்ந்ததால் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். எத்தனால் ஆலைகளின் தேவையால் மக்காச்சோள விலை ஏறியது அதற்கு ஒரு காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. வண்டியின் எரிபொருள் கலத்தை நிரப்ப ஏழையின் தட்டிலிருந்து எடுக்கலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. மணியை மனிதனுக்கு விட்டுவிட்டு, தட்டையிலிருந்து எரிபொருள் எடுக்க முடியுமா என்பதே அதற்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒரு பிரிவினரே வெப்பவிரும்பி பாக்டீரியாக்களை நாடினர்.

செல்லுலோஸ் என்னும் கோட்டை

1838ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென், தாவரச் செல்களின் சுவர் ஒரே வகைப் பொருளால் ஆனது என்று கண்டறிந்தார். அதுவே செல்லுலோஸ். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு உருவாவது செல்லுலோஸ். மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் இரண்டிலும் கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் வேறு. மாவுச்சத்து நம் வயிற்றில் செரிக்கும், செல்லுலோஸ் செரிக்காது.

உலர்ந்த தாவரத் தண்டில் முக்கியமாக மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது செல்லுலோஸ். இரண்டாவது ஹெமிசெல்லுலோஸ், இதில் சைலோஸ் என்னும் ஐந்து கார்பன் சர்க்கரை மிகுதி. மூன்றாவது லிக்னின், இது சர்க்கரை அன்று, மற்ற இரண்டையும் பிணைத்துக் காக்கும் பசை போன்றது. கட்டடத்தில் இரும்புக் கம்பியைச் சிமென்ட் சூழ்ந்திருப்பது போல, செல்லுலோஸ் இழைகளை மற்ற இரண்டும் சூழ்ந்திருக்கின்றன. மரம் பல்லாண்டு மழையிலும் வெயிலிலும் நிற்பதற்குக் காரணமான இந்த உறுதியே, எத்தனால் எடுக்க முனைவோருக்குத் தடையாகிறது.

இந்தத் தடையைக் கடந்தால் கிடைக்கும் பயன் பெரிது. 180 கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். இந்தக் கணக்கின்படி ஒரு டன் தூய செல்லுலோசிலிருந்து கோட்பாட்டளவில் ஏறத்தாழ 720 லிட்டர் எத்தனால் பெறலாம். நடைமுறையில் இதில் எவ்வளவு கைக்கு வரும் என்பதே நூறாண்டுப் போராட்டம்.

அமில வழியும் பூஞ்சை வழியும்

செல்லுலோசை உடைக்க மனிதன் முதலில் கையாண்டது அமிலம். 1819ஆம் ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த ஆன்றி பிராகொன்னோ, மரத்தூளையும் பழைய துணியையும் கந்தக அமிலத்தில் இட்டுச் சர்க்கரை உண்டாக்கிக் காட்டினார். முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஜார்ஜ்டவுனிலும், லூசியானாவில் உள்ள புல்லர்டனிலும் மரக்கழிவை நீர்த்த அமிலத்தால் சர்க்கரையாக்கி எத்தனால் எடுக்கும் ஆலைகள் இயங்கின. போருக்குப் பின் அவை மூடப்பட்டன. அமிலம் கருவிகளை அரித்தது. உண்டான சர்க்கரையின் ஒரு பகுதியையும் கெடுத்தது.

இரண்டாவது வழி பூஞ்சை. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் விரைவில் மட்கிப்போயின. காரணத்தைத் தேடிய படைத்துறை ஆய்வாளர்கள், சாலமன் தீவுக் கூட்டத்தின் பூகன்வில் தீவில் ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர். பருத்தி என்பது ஏறக்குறைய தூய செல்லுலோஸ். அதைத் தின்னும் பூஞ்சை, செல்லுலோசை உடைக்கும் நொதிகளை ஏராளமாகச் சுரந்தது. எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் ஆகியோர் அதனை நெடுங்காலம் ஆராய்ந்தனர். ரீசின் நினைவாக அப்பூஞ்சை டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயர் பெற்றது. துணியைக் காக்கத் தொடங்கிய ஆய்வு, நாளடைவில் செல்லுலோசைச் சர்க்கரையாக்கும் ஆய்வாக மாறியது.

இன்றைய செல்லுலோஸ் எத்தனால் ஆலைகளில் பெரும்பாலானவை இந்தப் பூஞ்சை நொதிகளையே நம்பியுள்ளன. நொதியைத் தனியே உற்பத்தி செய்து வாங்க வேண்டும். அதைக் கொண்டு செல்லுலோசைச் சர்க்கரையாக்க வேண்டும். பிறகு ஈஸ்டைக் கொண்டு நொதிக்க வைக்க வேண்டும். மாவுச்சத்துக்குத் தேவைப்படுவதைவிடச் செல்லுலோசுக்குப் பல மடங்கு நொதி தேவை. அதனால் நொதிக்கான செலவு, விளைபொருளின் விலையில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்கிறது.

சூட்டில் வாழும் உயிர்கள்

மூன்றாவது வழிக்கான தடயம் எருக்குழியில் இருந்தது. ஈரமான வைக்கோலையும் சாணத்தையும் குவித்து வைத்தால் சில நாள்களில் உள்ளே கை வைக்க முடியாத அளவு சூடேறும் என்பதை உழவர்கள் அறிவார்கள். அந்தச் சூட்டை உண்டாக்குவதும் நுண்ணுயிரிகள். அந்தச் சூட்டிலேயே வாழ்வதும் நுண்ணுயிரிகள்.

1879ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் மிக்கேல், பாரிசின் சேன் ஆற்று நீரிலிருந்து 70 டிகிரி செல்சியசுக்கு மேலும் வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பெரும்பாலான உயிர்கள் மடிந்துபோகும் வெப்பத்தில் ஓர் உயிர் பெருகுவது அறிவியலாளர்களுக்கு வியப்பைத் தந்தது. இவ்வகை உயிர்களே வெப்பவிரும்பிகள்.

1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்யூன், பிரெட், பீட்டர்சன் ஆகிய மூவர், எருவிலிருந்து பெற்ற ஒரு வெப்பவிரும்பி பாக்டீரியா செல்லுலோசை நொதிக்கச் செய்வதை விவரித்து ஆய்வுரை வெளியிட்டனர். அதற்குக் கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் என்று பெயரிட்டனர். இது காற்றில்லாச் சூழலில், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் சிறப்பாக வளர்வது. செல்லுலோசைத் தின்று எத்தனால், அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு முதலியவற்றை வெளியிடுவது. மூவருள் ஒருவரான எட்வின் பிரெட், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

நொதியைச் சுரந்து செல்லுலோசை உடைப்பதும், உண்டான சர்க்கரையை எத்தனாலாக்குவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒரே உயிர் செய்கிறது என்பதே இக்கண்டுபிடிப்பின் சிறப்பு. ஆனால் இந்தப் பாக்டீரியாவைப் பிற நுண்ணுயிரிகளின் கலப்பில்லாமல் தூய வளர்ப்பாகப் பெறுவது கடினமாக இருந்தது. சிறிதளவு ஆக்சிஜன் பட்டாலும் அது வளராது. 1940களின் பிற்பகுதியில் ரிச்சர்டு மெக்பீ தூய வளர்ப்புகளைக் கொண்டு இதன் இயல்புகளை ஆராய்ந்து எழுதினார். அக்காலத்தில் பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. எனவே இந்த ஆய்வு நூலகத்தோடு நின்றது.

யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகள்

1960களில் காட்சி மாறியது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஆயிரக்கணக்கான வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. 1964ஆம் ஆண்டில் அங்குச் சென்ற தாமஸ் பிராக் என்னும் நுண்ணுயிரியலாளர், கொதிநிலையை நெருங்கும் நீரிலும் உயிர்கள் வாழ்வதைக் கண்டார். அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் பிரீசும் 1969ஆம் ஆண்டில் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவை விவரித்தனர். டிஎன்ஏவைப் படியெடுக்கும் பிசிஆர் சோதனைக்கு உதவும் நொதி இந்தப் பாக்டீரியாவிலிருந்தே கிடைத்தது.

பிராக்கின் மாணவர்களுள் ஒருவரான கிரெகரி சைக்கஸ், காற்றில்லாச் சூழலில் வாழும் வெப்பவிரும்பிகளைத் தேடினார். 1979ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் யெல்லோஸ்டோனிலிருந்து ஒரு புதிய பாக்டீரியாவை விவரித்து, ஆசிரியரின் நினைவாகத் தெர்மோஅனரோபியம் பிராக்கி என்று பெயர் சூட்டினார். 1981ஆம் ஆண்டில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் யூர்கன் வீகல், லார்ஸ் யுங்டால் ஆகிய இருவரும் அதே பூங்காவிலிருந்து பெற்ற தெர்மோஅனரோபேக்டர் எத்தனாலிகஸ் என்னும் பாக்டீரியாவை விவரித்தனர். பெயரிலேயே எத்தனாலைத் தாங்கிய இது, குளுக்கோசிலிருந்தும் சைலோசிலிருந்தும் எத்தனாலை மிகுதியாக உண்டாக்கியது. ரொட்டி ஈஸ்டால் இயல்பாகச் சைலோசை நொதிக்க முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மதிப்பு விளங்கும்.

எண்ணெய் நெருக்கடி தந்த உந்துதல்

1973ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பிரேசில் 1975ஆம் ஆண்டில் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க அரசு பல்கலைக்கழகங்களின் மாற்று எரிபொருள் ஆய்வுக்கு நிதி வழங்கியது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேனியல் வாங், சார்லஸ் கூனி, ஆர்னால்டு டெமைன் ஆகியோர், தாவரப் பொருளை ஒரே கலத்தில் நேரடியாக எத்தனாலாக்கும் முறையை ஆராய்ந்தனர். கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் செல்லுலோசையும் ஹெமிசெல்லுலோசையும் உடைக்கும். ஆனால் அப்போது வெளிப்படும் ஐந்து கார்பன் சர்க்கரைகளைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்ளாது. ஆகவே அவற்றை உண்ணும் மற்றொரு வெப்பவிரும்பியையும் அதே கலத்தில் சேர்த்து வளர்க்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1981ஆம் ஆண்டில் சைக்கசின் குழுவினரும் இத்தகைய கூட்டு வளர்ப்பைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். தனித்து வளர்ந்தபோது கிடைத்ததைவிட, இரண்டு பாக்டீரியாக்களும் சேர்ந்தபோது எத்தனால் கூடுதலாகக் கிடைத்தது.

வெப்பத்தால் வரும் நன்மைகள்

வெப்பவிரும்பிகளை ஆய்வாளர்கள் நாடியதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவதாக, உயர் வெப்பத்தில் செல்லுலோசை உடைக்கும் வினை விரைவாக நடக்கிறது. இரண்டாவதாக, 60 டிகிரியில் இயங்கும் கலத்தில் சாதாரண நுண்ணுயிரிகள் புகுந்து கெடுக்கும் வாய்ப்பு குறைவு. மூன்றாவதாக, நொதித்தலின்போது வெப்பம் உண்டாகும். ஈஸ்ட் கலங்களை 30 முதல் 35 டிகிரி அளவில் வைத்திருக்கக் குளிர்விக்க வேண்டும். வெப்பவிரும்பிகளுக்கு இந்தச் செலவு குறையும். நான்காவதாக, எத்தனாலின் கொதிநிலை ஏறத்தாழ 78 டிகிரி. 60 டிகிரிக்கு மேல் இயங்கும் கலத்திலிருந்து எத்தனாலை ஆவியாகப் பிரிப்பது எளிதாகும். ஐந்தாவதாக, காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் உண்ட சர்க்கரையில் சிறு பங்கையே தம் உடலாக்கிக்கொள்கின்றன. பெரும்பங்கு விளைபொருளாக வெளியேறுகிறது.

செல்லுலோசோம்: பாக்டீரியாவின் பட்டறை

கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் எவ்வாறு செல்லுலோசை இவ்வளவு திறமையாக உடைக்கிறது என்ற கேள்விக்கு இஸ்ரேலில் விடை கிடைத்தது. ரபேல் லாமெட், எட்வர்டு பேயர் ஆகியோர் முதலில் ஆராய்ந்தது, இந்தப் பாக்டீரியா செல்லுலோஸ் இழையில் எவ்வாறு ஒட்டிக்கொள்கிறது என்பதையே. ஒட்டுவதற்குக் காரணமான ஒரு புரதத்தைத் தேடிச் சென்ற அவர்கள், பல நொதிகள் ஒன்றாகக் கூடிய பெரிய தொகுதி ஒன்றைக் கண்டனர். 1983ஆம் ஆண்டில் அதற்குச் செல்லுலோசோம் என்று பெயரிட்டனர்.

செல்லுலோசோமின் நடுவில் நீண்ட தாங்குபுரதம் ஒன்று உள்ளது. அதில் வரிசையாக ஒன்பது கொளுவிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நொதி மாட்டிக்கொள்கிறது. தாங்குபுரதத்தின் வேறொரு பகுதி செல்லுலோசைப் பற்றிக்கொள்கிறது. ஒரு தச்சுப் பட்டறையில் இரம்பமும் உளியும் இழைப்புளியும் கைக்கெட்டும் தொலைவில் மாட்டியிருப்பது போல, வெவ்வேறு வேலை செய்யும் நொதிகள் அருகருகே நின்று ஒரே இழையை அறுக்கின்றன. பூஞ்சைகள் தனித்தனியாகச் சுரக்கும் நொதிகளிலிருந்து இது முற்றிலும் வேறுபட்ட அமைப்பு.

மூன்று தடைகள்

இத்தனை நன்மைகள் இருந்தும் 1980களின் நடுவில் இந்தத் துறையின் வேகம் குறைந்தது. அதற்கு அறிவியல் காரணங்கள் மூன்று.

முதல் தடை, விளைபொருள் சிதறல். ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் எத்தனாலாக்கும். வெப்பவிரும்பிகளோ எத்தனாலோடு அசிட்டிக் அமிலம், லாக்டிக் அமிலம் ஆகியவற்றையும் உண்டாக்கும். அமிலமாகப் போகும் ஒவ்வொரு துளியும் எத்தனாலுக்கு இழப்பு.

இரண்டாம் தடை, எத்தனாலைத் தாங்கும் திறன். மக்காச்சோள ஆலைகளில் ஈஸ்ட் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலையும் தாங்குகிறது. இயற்கையில் கிடைத்த வெப்பவிரும்பிகளின் வளர்ச்சி ஓரிரு விழுக்காட்டிலேயே தடைப்பட்டது. எத்தனால் மிகவும் நீர்த்திருந்தால் காய்ச்சி வடிக்கும் எரிபொருள் செலவு ஏறும். பொதுவாக 4 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

மூன்றாம் தடை, மரபணு மாற்றக் கருவிகள் இல்லாமை. ஈ.கோலை பாக்டீரியாவிலும் ஈஸ்டிலும் மரபணுவைச் சேர்ப்பதும் நீக்குவதும் எளிதாகிவிட்ட காலத்தில்கூட, காற்றில்லாச் சூழலில் வாழும் இந்த வெப்பவிரும்பிகளுக்குள் புதிய டிஎன்ஏவைச் செலுத்தவே முடியவில்லை.

இவற்றோடு ஒரு பொருளாதாரக் காரணமும் சேர்ந்தது. 1986ஆம் ஆண்டில் கச்சா எண்ணெயின் விலை சரிந்தது. மாற்று எரிபொருள் ஆய்வுக்கான ஆர்வமும் அதனுடன் சரிந்தது.

பிரிட்டனிலும் டென்மார்க்கிலும்

ஆர்வம் குன்றிய காலத்திலும் சிலர் விடாமல் உழைத்தனர். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பிரையன் ஹார்ட்லி அவர்களுள் ஒருவர். புரதங்களின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற இவர், பேசில்லஸ் இனத்தைச் சேர்ந்த வெப்பவிரும்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கரும்புச் சர்க்கரையிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எத்தனால் பெறும் புதிய நொதித்தல் முறை பற்றி 1987ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் திறனை இழந்த வகைகளை அவருடைய குழு பிரித்தெடுத்தது. ஆனால் அவற்றில் சில நிலையாக இல்லை. தலைமுறைகள் செல்லச் செல்லப் பழைய இயல்புக்கே திரும்பின. ஆலைக்கு வேண்டியது என்றும் மாறாத உழைப்பாளி. பாக்டீரியாவோ தன் நலத்தையே பார்த்தது.

பிற்காலத்தில் மரபணுவை முழுமையாக நீக்கும் முறை கைவந்தபோது இந்தச் சிக்கல் தீர்ந்தது. இங்கிலாந்தின் கில்போர்டு நகரைச் சேர்ந்த டிஎம்ஓ ரினியூவபிள்ஸ் என்னும் நிறுவனம், ஜியோபேசில்லஸ் தெர்மோகுளுக்கோசிடேசியஸ் என்னும் பாக்டீரியாவில் மரபணு மாற்றங்கள் செய்து டிஎம்242 என்னும் வகையை உருவாக்கியது. 2008ஆம் ஆண்டில் சர்ரே மாவட்டத்தில் ஒரு செயல்விளக்க ஆலையையும் நிறுவியது.

டென்மார்க்கில் பிர்கிட்டே ஆரிங் தலைமையிலான குழு, ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து பெற்ற பாக்டீரியாவை 1997ஆம் ஆண்டில் விவரித்தது. குறுகிய ஆய்வுக் காலத்திற்குள் இத்துறைக்குப் பெரும்பங்களித்து மறைந்த இந்திர மத்ரானி என்பவரின் நினைவாக அதற்குத் தெர்மோஅனரோபேக்டர் மத்ரானி என்று பெயரிடப்பட்டது. இதிலிருந்து உருவாக்கப்பட்ட ஒரு வகை, முன்பதப்படுத்திய கோதுமை வைக்கோலில் இருந்த குளுக்கோஸ், சைலோஸ் இரண்டையும் எத்தனாலாக்கியது.

டார்ட்மத் கல்லூரியும் 2008ஆம் ஆண்டும்

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த லீ லிண்ட், 1980களிலிருந்து இந்த ஒரு கேள்வியையே தொடர்ந்து ஆராய்ந்து வருபவர். நொதி உற்பத்தி, செல்லுலோசை உடைத்தல், இரு வகைச் சர்க்கரைகளையும் நொதித்தல் ஆகிய எல்லாவற்றையும் வெளியிலிருந்து நொதி சேர்க்காமல் ஒரே கலத்தில் முடிக்கும் முறைக்கு அவர் "ஒருங்கிணைந்த உயிரிச் செயலாக்கம்" என்று பொருள்படும் பெயரை வழங்கினார்.

1997ஆம் ஆண்டில் வீகலின் குழுவினர் தெர்மோஅனரோபேக்டீரியம் சேக்கரோலிட்டிகம் என்னும் வெப்பவிரும்பிக்குள் டிஎன்ஏவைச் செலுத்துவதில் வெற்றி பெற்றனர். 2004ஆம் ஆண்டில் மின்துடிப்பு முறையால் கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லத்திற்குள்ளும் டிஎன்ஏ செலுத்தப்பட்டது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்த கதவு இவ்வாறு திறந்தது.

2008ஆம் ஆண்டில் லிண்டின் குழு, தெர்மோஅனரோபேக்டீரியம் சேக்கரோலிட்டிகத்தில் அசிட்டிக் அமிலத்துக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் வழிவகுக்கும் மரபணுக்களை நீக்கியது. அமிலத்துக்குப் போகும் இரு மடைகளையும் அடைத்ததும், ஓட்டம் முழுவதும் எத்தனால் வாய்க்காலிலேயே பாய்ந்தது. லிட்டருக்கு 37 கிராம் எத்தனால் கிடைத்தது. இந்த வகையை 50 டிகிரியில் பயன்படுத்தியபோது, 37 டிகிரியில் ஈஸ்டுக்குத் தேவைப்பட்ட பூஞ்சை நொதியில் ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது.

2011ஆம் ஆண்டில் மரபணு மாற்றப்பட்ட இரண்டு வெப்பவிரும்பிகளைக் கூட்டாக வளர்த்து, லிட்டருக்கு 92 கிராம் செல்லுலோசிலிருந்து 38 கிராம் எத்தனால் பெறப்பட்டது. வெளியிலிருந்து நொதி எதுவும் சேர்க்கப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த கூட்டு வளர்ப்பு எண்ணம், இவ்வாறு பொறியாளர்களின் 4 விழுக்காட்டுக் கணக்கை நெருங்கியது.

ஆலை வாசலில்

2005ஆம் ஆண்டில் லிண்டும் சார்லஸ் வைமனும் மாஸ்கோமா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். மரம், புல் ஆகியவற்றிலிருந்து ஒருங்கிணைந்த முறையில் எத்தனால் எடுப்பதே அதன் நோக்கம். நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் செயல்விளக்க ஆலை அமைந்தது. 2007ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய எரிசக்திச் சட்டம், 2022ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் என்ற இலக்கை விதித்தது. எதிர்காலம் ஒளிமயமாகத் தோன்றியது.

நடந்தது வேறு. மிச்சிகன் மாநிலத்தின் கின்ராசில் மாஸ்கோமா திட்டமிட்ட பெரிய ஆலை கட்டப்படவே இல்லை. அந்நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் பொருள், மக்காச்சோள ஆலைகளுக்கான மரபணு மாற்றப்பட்ட ஈஸ்ட். மக்காச்சோளத்துக்கு மாற்று தேடிப் புறப்பட்ட நிறுவனம், மக்காச்சோள ஆலைகளுக்கே விற்பனையாளரானது. 2014ஆம் ஆண்டில் அதன் ஈஸ்ட் தொழில் லலெமண்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பிரிட்டனின் டிஎம்ஓ நிறுவனமும் அதற்குச் சற்று முன்பே நிதி நெருக்கடியில் வீழ்ந்திருந்தது.

இது வெப்பவிரும்பிகளுக்கு மட்டும் நேர்ந்த தோல்வி அன்று. நொதியையும் நொதிக்கவைக்கும் நுண்ணுயிரிகளையும் தனித்தனியே பயன்படுத்திய பெரிய ஆலைகளும் தடுமாறின. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அபென்கோவா நிறுவனம் 2014ஆம் ஆண்டில் திறந்த ஆலை விரைவிலேயே நின்றது. அயோவா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டூபாண்ட் ஆலையை மூடுவதாக 2017ஆம் ஆண்டில் அறிவிப்பு வந்தது. வைக்கோலைச் சேகரித்து, கட்டி, மழையில் நனையாமல் காத்து, மண்ணும் கல்லும் நீக்கி, கடினமான முன்பதப்படுத்தலுக்கு உட்படுத்துவதே பெரும் செலவாயிற்று. 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கச்சா எண்ணெயின் விலை மீண்டும் சரிந்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. சட்டம் விதித்த 1,600 கோடி கேலன் இலக்கு எட்டப்படவில்லை.

இந்தியாவில் ஹரியானா மாநிலத்தின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த நெல் வைக்கோல் எத்தனால் ஆலை, 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வயலில் எரிக்கப்படும் வைக்கோலைப் பயனுள்ளதாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதுவும் நொதியையும் ஈஸ்டையும் சார்ந்த முறையே. வெப்பவிரும்பி முறை அன்று.

இன்றைய நிலை

ஆலைகள் தடுமாறினாலும் ஆய்வு நிற்கவில்லை. 2016ஆம் ஆண்டில் தெர்மோஅனரோபேக்டீரியம் சேக்கரோலிட்டிகத்தின் மேம்பட்ட வகை ஒன்று, தூய சர்க்கரைகளிலிருந்து லிட்டருக்கு 70 கிராம் வரை எத்தனால் தந்தது. அதே ஆண்டில் கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லத்தின் ஒரு வகை, கோட்பாட்டளவில் பெறத்தக்க எத்தனாலில் 75 விழுக்காட்டை எட்டியது. இந்தப் பாக்டீரியாவின் அறிவியல் பெயரும் அண்மையில் அசிட்டிவைப்ரியோ தெர்மோசெல்லஸ் என மாற்றப்பட்டுள்ளது. மாணவர்கள் நூல்களில் இரண்டு பெயர்களையும் காணலாம். இரண்டும் ஒரே உயிரையே குறிக்கும்.

முன்பதப்படுத்தல் செலவைத் தவிர்க்கவும் ஒரு புதிய வழி ஆராயப்படுகிறது. அமிலமோ உயர் அழுத்த நீராவியோ இல்லாமல், பாக்டீரியா ஓரளவு தின்ற தாவரப் பொருளை நொதித்தலின் நடுவிலேயே அரைத்துக் கொடுப்பது அந்த வழி. மாடு முதலில் விழுங்கிய புல்லை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுவதை இது ஒத்திருக்கிறது. மெல்லுவதும் செரிப்பதும் மாறி மாறி நடந்தால் கடினமான தண்டும் கரையும் என்பதை மாடு நெடுங்காலமாகக் காட்டி வந்திருக்கிறது. இந்த அரைப்புமுறையில் ஈஸ்டால் தாக்குப்பிடிக்க இயலவில்லை. கிளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம் தாக்குப்பிடிக்கிறது என்று ஆய்வுகள் தெரிவிக்கின்றன. லிண்ட் இணைந்து தொடங்கிய டெராஜியா என்னும் நிறுவனம், வெப்பவிரும்பிகளைக் கொண்ட உற்பத்தியை மீண்டும் தொழிலாக்க முயன்று வருகிறது.

வரலாறு காட்டும் உண்மை

1926ஆம் ஆண்டில் எருவில் கண்டெடுக்கப்பட்ட பாக்டீரியா இன்னும் ஆலைத் தொழிலாளியாகவில்லை. ஆனால் அதன் முன் இருந்த தடைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி வந்துள்ளன. அமிலச் சிதறல் மரபணு நீக்கத்தால் குறைந்தது. எத்தனால் தாங்கும் திறன் உயர்ந்தது. டிஎன்ஏ செலுத்தும் வழி கிடைத்தது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் விலை, அளவு, போக்குவரத்து சார்ந்த கேள்விகள்.

இந்த ஆய்வின் வேகம் அறிவியலால் மட்டும் அமையவில்லை என்பதும் கவனத்துக்குரியது. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை ஏறியபோது ஆய்வகங்கள் நிறைந்தன. 1986ஆம் ஆண்டில் சரிந்தபோது காலியாயின. 2007ஆம் ஆண்டையொட்டி மீண்டும் நிறைந்து, 2014ஆம் ஆண்டுக்குப் பிறகு மீண்டும் சோர்ந்தன. கச்சா எண்ணெய் விலை விழும்போதெல்லாம் கைவிடப்படும் துறையில் நாற்பது ஆண்டுப் பணி பத்தாண்டில் முடியாது. மெக்பீயின் வளர்ப்புக் குடுவைகளும் ஹார்ட்லியின் நிலையற்ற வகைகளும் மாஸ்கோமாவின் கட்டப்படாத ஆலையும் அப்படி இடையில் விடப்பட்ட படிகளே. அடுத்து வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் படிகளிலிருந்தே ஏறத் தொடங்கினர்.